படுத்துக்கொள்ளும் டவர்

ஸ்ரேயாவின் அப்பா அண்டார்டிகாவில் இருந்தார்.

பள்ளியில் இதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. அந்த வருஷங்களில் ஹைதராபாத்தில் வெளிநாடு என்றாலே அமெரிக்காதான். "அண்டார்டிகா அமெரிக்காவில் எந்தப் பக்கம்?" என்று ஒரு பையன் கேட்டான். ஸ்ரேயா உலகப் படத்தின் அடியில் இருக்கும் வெள்ளைப் பட்டையைக் காட்டினாள். "அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியே இருக்காதே" என்றான் அவன். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

அப்பா உமாசங்கர், தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் விஞ்ஞானி. நிலம் அதிர்வதை அளக்கும் கருவிகளோடுதான் அவருக்கு எப்போதும் பேச்சு. அப்படிப்பட்ட கருவி ஒன்றைப் பனியில் வைத்துப் பார்த்துக்கொள்ள அவரை அனுப்பியிருந்தார்கள். ஒரு டிசம்பரில் கப்பல் ஏறினார். அடுத்த டிசம்பரும் போய், அதற்கப்புறம் வரும் மார்ச்சில்தான் திரும்புவார்.

அம்மா ஜலஜாவுக்கு ஹைடெக் சிட்டியில் சாப்ட்வேர் கம்பெனி வேலை. காலையில் கம்பெனி பஸ் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடும். இருட்டிய பிறகுதான் திருப்பிக் கொண்டுவந்து விடும். மாரெட்பள்ளியில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டுக்கு இரண்டு சாவிகள். ஒன்று அம்மாவிடம், இன்னொன்று ஸ்ரேயாவின் கழுத்தில்.

பள்ளி விட்டு வந்து கதவைத் திறந்தால் வீடு சும்மா இருக்கும். பால் குடிப்பாள். வீட்டுப்பாடம் எழுதுவாள். டிவி போட்டுப் பார்ப்பாள், அணைப்பாள். பிறகு மொட்டைமாடிக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கீழே பிள்ளைகள் தெலுங்கிலும் உருதுவிலும் கத்திக்கொண்டு விளையாடுவார்கள். அவள் பொள்ளாச்சியிலிருந்து வந்து இரண்டு வருஷமாகியும் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. அவளும் போய் நின்றதில்லை. கூப்பிட்டால் போகலாம் என்று அவள் காத்திருந்தாள். வந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் இருந்தார்களோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு மாதிரி.

அம்மாவும் அப்பாவும் ஹாம் ரேடியோக்காரர்கள். அரசாங்கத்தில் பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, வீட்டிலேயே ரேடியோ வைத்து, உலகத்தில் எங்கே இருக்கும் ஹாம் ரேடியோக்காரரோடும் பேசுபவர்கள். அவர்கள் முதன்முதலில் சந்தித்ததே ரேடியோவில்தான். முதல் சண்டையும் அதில்தான் என்று அப்பா சொல்வார். அந்தச் சண்டையை ஏழெட்டு ஊர்க்காரர்கள் கேட்டார்களாம்.

ஞாயிறு சாயங்காலம் பின்னறையில் அம்மா ரேடியோ முன்னால் உட்காருவார். ஸ்ரேயா காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். அவள் கேட்கலாம், ஆனால் பேசக் கூடாது. பேச உரிமம் வேண்டும். உரிமத்துக்கு வயது வர வேண்டும். அவளுக்குப் பத்துதான்.

முதலில் எண்ணெயில் பக்கோடா போட்ட மாதிரி ஒரே சடசடப்பு. அதற்கு நடுவில் எங்கேயோ அப்பாவின் குரல். "ஜல... பனிப்புயல்... ஸ்ரேயா கண்ணு எப்ப... ஓவர்." அவ்வளவுதான். 'ஓவர்' என்றால் பேசி முடித்தாயிற்று, இனி உன் முறை என்று அர்த்தம். அம்மா "திரும்பச் சொல்லுங்க, ஓவர்" என்பார். மறுபடி சடசடப்பு.

மொட்டைமாடியிலிருந்து மாமரத்துக்கு இழுத்துக் கட்டிய ஒற்றைக் கம்பிதான் அவர்களுடைய ஆன்டெனா. துணி காயப்போடும் கொடி என்று நினைத்து வேலைக்கார அம்மா ஒருமுறை அதில் போர்வையைப் போட்டுவிட்டார். அன்றைக்கும் சத்தம் அதே மாதிரிதான் இருந்தது என்பது வேறு விஷயம்.

பனியில் இருந்த நிலையத்தில் தொலைபேசி ஒன்றும் இருந்தது. அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். அப்பாவின் முறை வரும்போது, "சாப்பிட்டியா, படிக்கிறியா" என்று கேட்டு முடிப்பதற்குள் அடுத்தவர் தொண்டையைச் செருமுவார். "நல்லா இருக்கேன்பா" என்று மட்டும் ஸ்ரேயா சொல்வாள். அது பொய். ஆனால் உண்மையைச் சொல்ல அந்த நேரம் போதாது.

அக்டோபரில் ஒரு நல்ல செய்தி வந்தது. தார்நாகாவில் இருந்த ஜகதீசன் மாமா என்ற ஹாம் நண்பர், தனி வீட்டை விட்டு அபார்ட்மென்டுக்குக் குடிபோனார். அங்கே ஆன்டெனா வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய பெரிய ஆன்டெனாவை அம்மாவுக்கே கொடுத்துவிட்டார். நீள நீளமான அலுமினியக் கைகளோடு, ஒரு பேருந்து அகலத்துக்கு மேல் இருந்தது அது. அதைத் தெற்கே திருப்பி உயரத்தில் வைத்தால் அப்பா பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி கேட்கும் என்றார் ஜகதீசன் மாமா.

உயரத்தில் வைக்க ஒரு டவர் வேண்டும்.

வீட்டுக்காரர் திருநாவுக்கரசு கீழே குடியிருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வீட்டுக்குப் பின்னால் அவருக்கு ஒரு பெரிய காலி மனை இருந்தது. அம்மா தயங்கித் தயங்கி அனுமதி கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை.

"ஹவ், ஹவ், தாராளமா வச்சுக்கோங்கம்மா. மாமரத்துல மட்டும் கை வைக்க நக்கோ" என்றார். அந்த ஊர்ப் பேச்சில் 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம்.

அம்மா இரண்டு டவர்களைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு தடவையும் ஸ்ரேயா கூடப் போனாள்.

ஒன்று, மூடிப்போன ஒரு கேபிள் டிவி அலுவலகத்தில் இருந்தது. நல்ல உயரம். மூன்று கால்கள், கால்களுக்கிடையே படி படியாகக் குறுக்குக் கம்பிகள். அம்மா ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிப் பார்த்தார். துருப்பிடித்த இடத்தில் 'டொக்' என்று கேட்கும், நல்ல இரும்பில் 'டங்' என்று கேட்கும். அந்த டவர் முழுக்க 'டங்'தான்.

இன்னொன்று சைனிக்புரியில் ஒரு ஹாம் வீட்டில் இருந்தது. உயரம் குறைவு. அதன் அடியில் பெரிய கீல் ஒன்று. கைப்பிடியைச் சுற்றினால் கம்பி வடம் இழுத்து, டவர் கதவு மாதிரி மெதுவாகச் சாய்ந்து தரையில் படுத்துக்கொள்ளும். மறுபடி சுற்றினால் எழுந்து நிற்கும். ஸ்ரேயாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனால் அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"சுத்திலும் மூணு மாடி வீடு கண்ணு. இது குட்டை. அப்பா குரல் அந்த வீடுகளைத் தாண்டி வரோணுமில்ல?"

அதனால் உயரமான டவர்தான் என்று முடிவானது. அம்மா அதற்குப் பிறகும் விடவில்லை. டவர் நீளத்துக்குக் கயிறு ஒன்றை வெட்டினார். டவர் நிற்கப்போகும் இடத்தில் ஒரு முனையை ஸ்ரேயா பிடித்துக்கொண்டாள். மறு முனையைப் பிடித்துக்கொண்டு அம்மா மனையைச் சுற்றி நடந்தார். டவர் ஒருவேளை விழுந்தால் இந்தக் கயிறு தொடும் இடம்வரை விழும். அதற்குள் வீடு இருக்கக் கூடாது, மின்கம்பி இருக்கக் கூடாது, தெரு இருக்கக் கூடாது. எதுவும் இல்லை. புயல் அடித்தால் ஆன்டெனா எவ்வளவு காற்றைப் பிடிக்கும், அதை டவர் தாங்குமா என்று ராத்திரி உட்கார்ந்து கணக்கும் போட்டார். தாங்கும்.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை டவரை நிறுத்துவதாக ஏற்பாடு.

ஸ்ரேயாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டவரின் தலை எந்த இடத்தில் வரும் என்று பார்க்க மொட்டைமாடிக்கு ஓடினாள். அங்கே நின்று வெறும் வானத்தில் ஓர் ஆன்டெனாவைக் கற்பனை செய்தாள். நீளக் கைகளை விரித்துக்கொண்டு, எல்லா வீடுகளுக்கும் மேலே.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அந்த இடத்தில்தான் பட்டங்கள் பறந்தன. போன சங்கராந்திக்கு.

ஹைதராபாத்தில் சங்கராந்தி என்றால் பட்டம். டிசம்பரிலேயே தொடங்கிவிடும். பண்டிகையன்று ஊரில் உள்ள மொட்டைமாடிகள் எல்லாம் நிறைந்து, வானமே தெரியாது. ஆனால் இது அம்மாவுக்குத் தெரியாது. இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம் பொங்கலுக்குப் பொள்ளாச்சி போய்விட்டார்கள். இரண்டாவது வருஷம், அப்பா கப்பலேறிய புதிதில், அம்மாவின் கம்பெனியில் ஏதோ அவசரம் என்று பண்டிகை நாளன்றும் பஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. திருநாவுக்கரசு அங்கிளோ பொங்கல் வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போய்விடுவார்.

அதனால் அன்றைக்கு இந்த வீட்டிலிருந்து வானத்தைப் பார்த்தது ஸ்ரேயா ஒருத்திதான். காலையிலிருந்து சாயங்காலம்வரை தனியாகப் பார்த்தாள். ஒரு பட்டம் அறுந்தால் தெரு முழுக்க "அஃபா" என்று கத்துவார்கள். அவளும் ஒரு தடவை மெதுவாக "அஃபா" என்று சொல்லிப் பார்த்தாள். யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டு வீடு தள்ளி ஒரு பெண்ணின் ஊதா நிறப் பட்டம், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் சிக்கிக்கொண்டது. அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோடு போகும் குழாயைப் பிடித்துக் கிடுகிடுவென்று ஏறினாள். பாதியில் அவள் கால் வழுக்கியது. இரண்டு கைகளால் தொங்கினாள். ஸ்ரேயாவுக்குக் கத்தவும் வரவில்லை. எப்படியோ காலை ஊன்றி, பட்டத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் இறங்கிவிட்டாள். இறங்கியதும் ஸ்ரேயாவைப் பார்த்தாள். உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

ஸ்ரேயா யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் யாரும் இல்லை.

வெறும் குழாயிலேயே ஏறினவர்கள், படிபடியாகக் கம்பி வைத்த டவரைப் பார்த்தால் விடுவார்களா? ஆன்டெனாவின் ஒவ்வொரு கையிலும் பட்டம் சிக்கும். ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒருவர் ஏறுவார். தண்ணீர்த் தொட்டியைவிட எவ்வளவோ உயரம் அது. அம்மா காற்றையும் மின்கம்பியையும் பார்த்துவிட்டார். இதைப் பார்க்கவில்லை.

அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று ஸ்ரேயா கீழே இறங்கினாள். பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

சொன்னால் உயரமான டவர் வராது. உயரமான டவர் வராவிட்டால் அப்பா குரல் சரியாக வராது. மார்ச்வரை சடசடப்புதான்.

அன்றைக்கு அவள் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினாள்.

மூன்றாவது நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஏறக் கூடாது என்று அந்தப் பெண்ணிடமே சொல்லிவிட்டால்? வாக்கு வாங்கிக்கொண்டால் போதுமே. அம்மாவிடம் சொல்லவே வேண்டாம்.

பள்ளி விட்டு வந்ததும் இரண்டு வீடு தள்ளிப் போய்க் கேட்டைத் தட்டினாள். இரண்டு வருஷத்தில் அந்தத் தெருவில் அவள் தட்டிய முதல் கேட் அது. கதவைத் திறந்தவள் அந்தப் பெண்ணேதான். பெயர் நஸீமா. ஆறாம் வகுப்பு.

பள்ளியில் படித்த ஹிந்தியைக் கூட்டிச் சேர்த்து ஸ்ரேயா விஷயத்தைச் சொன்னாள். நஸீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீ என்ன டிவியில நியூஸ் படிக்கிறவங்க மாதிரி பேசுறே?" என்றாள் அவள் ஹைதராபாத் உருதுவில். "என்னைப் பத்தி எங்க அம்மாகிட்ட சொல்லாம இருந்தியே, நல்லவ நீ."

டவரில் ஏற மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பாயா என்று ஸ்ரேயா கேட்டாள். நஸீமா சிரிப்பதை நிறுத்தினாள். வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்த தன் தம்பிகள் இருவரையும் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"நான் ஏற மாட்டேன்னு சொல்லிடலாம். ஆனா பட்டம் அங்கே சிக்கி ஆடிக்கிட்டு இருந்தா என் காலு சும்மா இருக்காது. இவனுங்க நான் சொன்னா கேட்கவே மாட்டானுங்க. பின் தெருப் பசங்க உன்னைத் தெரியவே தெரியாதுன்னு சொல்லுவானுங்க. பொய்யா வாக்குக் கொடுக்க நக்கோ."

ஸ்ரேயாவுக்கு அழுகை வந்துவிட்டது. டவர் எதற்கு என்று நஸீமா கேட்டாள். அப்பா அண்டார்டிகாவில் இருக்கிறார் என்று ஸ்ரேயா சொன்னாள். நஸீமா அது எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. அவளுடைய அப்பாவும் துபாயில் இருந்தார். "ரொம்பக் குளிருமா அங்கே?" என்று மட்டும் கேட்டாள்.

இரவு சாப்பிட்ட பிறகு அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். ஸ்ரேயா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, அந்தப் பெரிய டவர் வேண்டாம்."

அம்மா குழாயை மூடினார். ஸ்ரேயா எல்லாவற்றையும் சொன்னாள். பட்டங்களை, குழாயில் தொங்கிய கால்களை, நஸீமா வாக்குத் தராததை. அம்மா முழுவதையும் கேட்டார். முடிந்ததும், டவரின் அடியில் ஏற முடியாதபடி தகடு அடித்துவிடலாமே என்றார். ஒருவர் தோளில் ஒருவர் ஏறினால் தகட்டைத் தாண்டிவிடலாம் என்றாள் ஸ்ரேயா. பந்து எடுக்க மனைக்குள் தெருப் பிள்ளைகள் அப்படித்தான் சுவர் ஏறிக் குதிக்கிறார்கள். அவள் மொட்டைமாடியிலிருந்து தினமும் பார்க்கிறாள்.

அம்மா ஈரக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"காத்துக்குக் கணக்குப் போட்டேன். இடிக்கு, மின்கம்பிக்கு எல்லாத்துக்கும் போட்டேன். குழந்தைகளுக்குப் போடலையே" என்றார். பிறகு, "போன பொங்கலுக்கு நீ நாள் பூரா தனியாவா மாடியில நின்னே?" என்று கேட்டார்.

ஸ்ரேயா தலையாட்டினாள். அம்மா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"படுத்துக்கிற டவர் இருக்கே அம்மா. அதை அப்பாகிட்ட பேசுற நேரத்துக்கு மட்டும் தூக்கலாம். பட்டம் விடுற நேரத்துல படுக்க வச்சுடலாம். தரையில கிடக்கிற டவர்ல யார் ஏறுவா?"

"அது குட்டை கண்ணு. குரல் சுமாராத்தான் வரும். உனக்குச் சரியா?"

சரியில்லைதான். அவளுக்கு அப்பா பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி வேண்டும். ஆனால் அவள் கண்ணுக்கு முன்னால் குழாயில் தொங்கிய அந்தக் கால்கள் வந்தன. "சரிம்மா" என்றாள்.

"எனக்கும் அவரு குரல் வேணும் சாமி" என்றார் அம்மா. அதை அவர் சொல்லி ஸ்ரேயா கேட்டது அதுதான் முதல் முறை.

குட்டை டவர் வந்தது. ஜகதீசன் மாமாவும் அம்மாவும் கைப்பிடியைச் சுற்ற, அது மெல்ல எழுந்து நின்றது. முதல் ஞாயிறு ஸ்ரேயா ஹெட்போனை இறுக்கி மாட்டிக்கொண்டாள். முன்பு நாலு வார்த்தை வந்த இடத்தில் இப்போது பத்து வார்த்தை வந்தது. அப்பா இருமினார், சிரித்தார், ஏதோ கேட்டார். கேட்டது என்னவென்று தெரிவதற்குள் சடசடப்பு மூடிவிட்டது. இன்றைக்கு வானம் சரியில்லை, சில நாள் அப்படித்தான் என்றார் அம்மா. அடுத்த வாரமும் வானம் சரியில்லை. அதற்கடுத்த வாரமும்.

பேசி முடித்ததும் டவரைப் படுக்க வைத்துவிடுவார்கள். ஸ்ரேயா மாடியிலிருந்து அதைப் பார்ப்பாள். பெரிய டவராக இருந்திருந்தால் என்று நினைப்பு வரும். நினைத்துக்கொண்டே நிற்பாள்.

டிசம்பரில் பட்டங்கள் வந்தன. ஒரு சாயங்காலம் தெருவிலிருந்து நஸீமா கூப்பிட்டாள். நூல் சுற்றிய உருளையைப் பிடிக்க ஆள் வேண்டுமாம். ஸ்ரேயா வீட்டைப் பூட்டக்கூட மறந்து ஓடினாள். பாதித் தெருவில் ஞாபகம் வந்து, திரும்பி வந்து பூட்டிவிட்டு மறுபடி ஓடினாள்.

சங்கராந்தி அன்று அம்மா விடுமுறை எடுத்துக்கொண்டார். சாயங்காலம் ரேடியோவில் வருவதாக அப்பா முன்கூட்டியே சொல்லியிருந்தார். பொங்கல் ஆயிற்று. ஜகதீசன் மாமாவும் வந்துவிட்டார். ஆனால் வெளியே வானம் முழுக்கப் பட்டங்கள். டவரை எழுப்பினால் ஆன்டெனாவில் பத்துப் பட்டமாவது சிக்கும்.

"இருட்டுற வரைக்கும் பறக்கும்போல இருக்கே" என்று அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "அதுக்குள்ள அவரு கூப்பிட்டுப் பாத்துட்டுப் போயிருவாரு."

அம்மாவின் முகம் வாடிப்போனது. ஸ்ரேயா நஸீமாவின் மொட்டைமாடிக்கு ஓடினாள். மூச்சு வாங்கிக்கொண்டே, கொஞ்ச நேரம் பட்டங்களை இறக்க முடியுமா என்று கேட்டாள். ஒரே ஒரு தடவை அப்பாவோடு பேசும்வரை.

சங்கராந்தி சாயங்காலம் பட்டத்தை இறக்கச் சொன்னால் ஹைதராபாத்தில் யாராவது இறக்குவார்களா? "கைக்கு? எதுக்கு இறக்கணும்?" என்று நஸீமாவின் பெரிய தம்பி எரிந்து விழுந்தான். ஏன் என்று ஸ்ரேயா சொன்னாள். டவர் எழுந்து நிற்பதை நேரில் பார்க்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

அது வேலை செய்தது. நஸீமா கைகளைக் குவித்து அடுத்த மாடிக்குக் கத்தினாள். அந்த மாடி அதற்கடுத்த மாடிக்குக் கத்தியது. பின் தெருப் பையன்கள்வரை செய்தி போயிற்று. ஒவ்வொரு பட்டமாகத் தாழ்ந்து தாழ்ந்து வந்தது. மனைக்கு மேலே ஒரு துண்டு வானம் காலியானது.

காலி மனையின் சுவரோரம் தெருப் பிள்ளைகள் எல்லோரும் வந்து கூடிவிட்டார்கள். ஸ்ரேயா முதலில் கோலமாவு டப்பாவை எடுத்து வந்து, கயிறு தொட்ட இடத்துக்கும் வெளியே தரையில் நீளமாக ஒரு கோடு போட்டாள். "டவர் நிக்கிற வரைக்கும் ஒருத்தரும் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது" என்றாள், தன் நியூஸ் ஹிந்தியில். யாரும் சிரிக்கவில்லை. தாண்டப் பார்த்த சின்னத் தம்பியின் சட்டையை நஸீமா பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

அம்மாவும் ஜகதீசன் மாமாவும் கைப்பிடியைச் சுற்றினார்கள். டவர் தலையைத் தூக்கியது. பாதி எழுந்தது. ஆன்டெனா கைகளை விரித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றபோது, "அஃபா" என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். அது பட்டம் அறுந்தால் கத்துவது. இருந்தாலும் ஸ்ரேயாவும் உரக்கக் கத்தினாள்.

பின்னறையில் அம்மா ரேடியோவைத் திருகினார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒலியை ஒலிபெருக்கிக்கு மாற்றினார். எல்லோருக்கும் கேட்க வேண்டுமே. பின்னாலேயே வந்தவர்கள் கட்டிலில், ஜன்னல் திண்டில், தரையில் என்று கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சடசடப்பு மட்டும் வந்தது. அம்மா கூப்பிட்டார், காத்திருந்தார், மறுபடி கூப்பிட்டார்.

சடசடப்பு தேய்ந்தது. இன்றைக்கு வானம் சரியாக இருந்தது.

"ஜலஜா, நல்லாக் கேக்குது" என்றது அப்பாவின் குரல். முழுசாக, ஒரு எழுத்துக்கூட உதிராமல். "பொங்கல் வாழ்த்துகள். ஸ்ரேயா கண்ணு, உனக்கும். இங்க சூரியன் மறையவே மாட்டேங்குது." நஸீமா ஸ்ரேயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்ரேயாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது, ஆனால் பேசக் கூடாது. அவள் இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"நல்ல நாளும் அதுவுமா உங்களை விட்டுட்டு வந்துட்டேன். ரெண்டு பேரும் தனியாவா உக்காந்திருக்கறீங்க? ஓவர்."

அம்மா பொத்தானை அழுத்திக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலில் ஆறு பேர். ஜன்னலில் மூன்று பேர். ஜகதீசன் மாமாவின் மடியில் நஸீமாவின் சின்னத் தம்பி. பதில் சொல்ல வாயெடுத்த அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது.

"உக்கார இடமே இல்லைங்க, ஓவர்."